சவுண்ட்பார் அழகுராஜா

மாட்டக் கொண்டுவந்த சவுண்ட்பார் அட்டைப்பெட்டியின் ஒட்டுத்தாளைக்கூடக் கிழிக்காமல் அழகுராஜா நேராக என் வீட்டு அடுக்களை வாசலுக்குப் போனார். கதவு நிலையின் இடப்பக்கக் கட்டையை மேலிருந்து கீழாக விரலால் தடவினார். என் தோள் உயரத்தில் பச்சைப் பெயின்ட் மங்கி, பிசுக்குப் பிடித்து, உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்திருந்த இடத்தில் விரல் நின்றது. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக் கறைக்குப் பக்கத்துச் சுவரில் சின்னதாக ஒரு கோடு போட்டார். பிறகு அங்கேயே நின்றபடி, ஹாலின் எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த டிவியைப் பார்த்தார்.

"இங்கனதான நின்னு பாப்பீக, டீச்சர்?"

நான் திருச்சுழியில் பதினெட்டு வருடமாகப் பிள்ளைகளுக்கு அறிவியல் நடத்துகிறவள். ஒலி எப்படிப் பரவுகிறது என்று வருடா வருடம் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டுகிறவள். என் வீட்டில் நான் எந்த இடத்திலிருந்து டிவி பார்க்கிறேன் என்று அதுவரை யாரும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை. சோபாவில் இருந்த என் வீட்டுக்காரர் தங்கபாண்டி, "அவளுக்கு ஏதுங்க டிவி பாக்க நேரம்" என்று எனக்காகப் பதில் சொன்னார். அழகுராஜா அவர் பக்கம் திரும்பவே இல்லை. கறையைக் காட்டி, "இம்புட்டுப் பிசுக்கு ஒரு நாள்ல வராதுங்க" என்றார். அந்த அழுக்கை இத்தனை நாள் துடைக்காமல் விட்டோமே என்ற வெட்கம்தான் எனக்கு முதலில் வந்தது. மற்றதெல்லாம் பிறகு வந்தது.

அழகுராஜாவுக்கு வயது ஐம்பத்து மூன்று. அருப்புக்கோட்டையில் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள ஒரு வீட்டுச் சாமான் கடையில், டிவிப் பகுதி அவர் பொறுப்பு. நெடுநெடுவென்று உயரம். கடைக்குள் தொங்கும் விளம்பரத் தோரணங்கள் தலையில் படாமலிருக்கக் குனிந்து குனிந்து, தெருவில் நடக்கும்போதும் லேசாகக் கூன் போட்டிருப்பார். கடை கொடுத்த நீல டீஷர்ட்டின் முதுகில் ஒரு கம்பெனியின் பெயர் இருக்கும். அவர் சிபாரிசு செய்வது பெரும்பாலும் வேறொரு கம்பெனியை. கையில் ஏதோ கல்யாணத்தில் கொடுத்த மஞ்சள் பை. அதில் டிரில், அளவு டேப், பழைய பாக்கு டப்பா நிறையத் திருகாணி, ஒரு பொட்டலம் வெள்ளை சிமிண்ட். சவுண்ட்பார் மாட்ட வருகிறவருக்கு வெள்ளை சிமிண்ட் எதற்கு என்று கேட்டேன். "அது என் பாவத்த அடைக்க" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கடையில் சவுண்ட்பார் கேட்டுப் பார்ப்பதற்கென்றே ஒரு கண்ணாடி அறை உண்டு. ஏ.சி. போட்டு, கனத்த திரை தொங்கவிட்டு, தரையில் கம்பளம் விரித்திருப்பார்கள். நரிக்குடி, வீரசோழன், காரியாபட்டி என்று எங்கிருந்து வந்தாலும் ஆட்கள் முதலில் கேட்பது வாட்ஸ் எவ்வளவு, பெட்டி எத்தனை, அதிருமா என்ற மூன்றையும்தான். வாங்கப் போனபோது நாங்களும் அதையேதான் கேட்டோம். முன்னால் ஒரு நீளக் கட்டை, மூலையில் வைக்க அதிர்வுக்கென்று ஒரு ஊஃபர், முதுகுக்குப் பின்னால் மாட்ட இரண்டு குட்டிப் பெட்டிகள் என்று இருந்த ஒன்றின் முன்னால் தங்கபாண்டி நங்கூரம் போட்டுவிட்டார். ஹெலிகாப்டர் தலைக்கு மேல் சுற்றி வருகிற காட்சியைப் போட்டுக்காட்டச் சொன்னார்.

அழகுராஜா அதைப் போடவில்லை. செய்தியைப் போட்டார். ஒரு பெண் மழை நிலவரம் வாசித்துக்கொண்டிருந்தார். சத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, எது வரைக்கும் வார்த்தை பிரிந்து கேட்கிறது என்று எங்களைச் சொல்லச் சொன்னார். பிறகு எங்கள் ஹாலின் நீள அகலம், தரை டைல்ஸா சிமிண்டா, ஜன்னலுக்குத் திரை உண்டா, பிரிட்ஜ் எங்கே நிற்கிறது என்று விசாரணை. வெறும் டைல்ஸ் தரையும் மொட்டைச் சுவருமாக இருக்கிற ஹாலில் கையைத் தட்டினால் என்ன எதிரொலிக்கிறதோ, அதுதான் வாங்குகிற சவுண்ட்பாரிலும் கலந்து கேட்கும் என்றார். இந்தக் கண்ணாடி அறையில் கேட்பதை நம்பாதீர்கள், இதை நான் உங்கள் வீட்டுக்குக் கட்டி அனுப்ப முடியாது என்றார்.

"வாட்ஸ விடுங்க. சத்தம் ஆருக்குன்னு மொதல்ல சொல்லுங்க."

இதுதான் அவருடைய கேள்வி. எல்லோரிடமும் கேட்பார். எல்லோருக்கும்தான் என்று ஆண்கள் சொல்வார்கள். எல்லோரும் என்றால் யார் யார், யார் எங்கே உட்காருவார்கள், யார் எங்கே நிற்பார்கள் என்று ஒவ்வொரு ஆளாகப் பிடுங்குவார். கடை முதலாளிக்கு இதில் எரிச்சல். பெரிய பெட்டியைப் பார்த்து வந்தவர்களைச் சின்னதை வாங்க வைத்து அனுப்பும் விற்பனைக்காரரை எந்த முதலாளிதான் கொண்டாடுவார்? கடைசியில் எங்களுக்கும் பின்பெட்டிகள் இல்லாத, நடுவில் பேச்சுக்கென்றே தனியாக ஒரு ஸ்பீக்கர் வைத்த கட்டையைத்தான் கொடுத்தார். தங்கபாண்டி வழியெல்லாம் ஹெலிகாப்டரை நினைத்துக்கொண்டு வந்தார்.

என் வீட்டுச் சுவரில் அந்தக் கட்டையை மாட்டி முடித்துவிட்டு, காப்பியை வாங்கிக்கொண்டு அடுக்களை வாசற்படியிலேயே உட்கார்ந்தபோதுதான் அவர் தன் கதையைச் சொன்னார். நான் கேட்கவில்லை. அந்த இடத்தில் உட்கார்ந்தால் அவருக்குச் சொல்லாமல் இருக்க முடியாது போலிருக்கிறது.

அவருடைய மனைவி நாகஜோதி பள்ளிக்கூடத்தில் சத்துணவுச் சமையல் செய்கிறவர். கல்யாணமாகி வந்த நாளில் ஹாலில் டிவிக்கு நேர் எதிரே கட்டிலில் மாமனார் இருளப்பசாமி படுத்திருப்பார். மாமனார் இருக்கும் இடத்தில் மருமகள் உட்காரும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. நாகஜோதி அடுக்களை நிலையில் தோளைச் சாய்த்து நின்றபடி, ஒரு கண்ணை அடுப்பிலும் ஒரு கண்ணை நாடகத்திலும் வைத்துப் பார்ப்பார். பதினாறு வருடம் அப்படியே போனது. மாமனார் போய்ச் சேர்ந்த பிறகு கட்டிலை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்துக்கு அழகுராஜாவின் சாய்வு நாற்காலி வந்தது. நாகஜோதி நின்ற இடத்திலேயே நின்றார்.

"அய்யா போனதுக்கப்புறமாச்சும் 'வா, வந்து உக்காரு'ன்னு நான் ஒரு வார்த்த சொல்லிருக்கலாம் டீச்சர். சொல்லல. தோணவே இல்ல."

அதற்கடுத்த வருடம் கடையில் அதிகம் விற்றதற்காக அவருக்கு ஒரு சவுண்ட்பார் பரிசாகக் கிடைத்தது. முன்னால் கட்டை, ஊஃபர், பின்னால் இரண்டு பெட்டி. தன் நாற்காலியை நடுவில் வைத்து, டேப் பிடித்து, அங்குலம் பிசகாமல் மாட்டினார். பின்பெட்டிகளுக்குக் கரண்ட் வேண்டும். எங்கள் பகுதி வீடுகளில் பிரிட்ஜ் அடுக்களைக்குள் நிற்காது, இடமிருக்காது. ஹாலில், அடுக்களை வாசலை ஒட்டித்தான் நிற்கும். அதனால் பின்சுவரில் பிளக் இருக்கிற ஒரே இடம் அதுதான். இரண்டு பெட்டிகளையும் அடுக்களை நிலைக்கு மேலே, வலமும் இடமுமாக மாட்டினார். பின்னாலிருந்து சத்தம் வந்தால்தான் இத்தனை பெட்டி வைத்ததற்கு அர்த்தம் என்று அவற்றின் சத்தத்தைக் கடைசி வரை ஏற்றியும் வைத்தார்.

பின்பெட்டிகளில் பேச்சு வராது. மழை வரும், காற்று வரும், கூட்டத்தின் இரைச்சல் வரும், வண்டி போகும். பேச்சு முழுக்க முன்னால் இருக்கிற கட்டையில்தான். நாற்காலியில் இருப்பவருக்கு எல்லாம் சேர்ந்து சினிமாக் கொட்டகையாக இருந்தது. அந்த இரண்டு பெட்டிகளுக்கும் நேர் கீழே நின்றவருக்கு, மூன்று வருடம் இரண்டு மாதமாகத் தலைக்கு மேல் மழை பெய்துகொண்டே இருந்தது.

"மொதல்ல கேட்டுக்கிட்டே இருந்தா, 'என்ன சொன்னான், இப்ப என்ன சொன்னான்'னு. நான் திரும்பாமலே கையக் காட்டி அமத்திருவேன். பொறகு கேக்குறத விட்டுட்டா. சரி, இவளுக்கும் படம் புரிய ஆரம்பிச்சிருச்சுன்னு நெனச்சேன்."

போன வருடம் கார்த்திகையில் நாகஜோதி ஒரு விசேஷத்துக்காகக் காரியாபட்டி போயிருக்கிறார். அழகுராஜா பாலை அடுப்பில் வைத்துவிட்டு, அது பொங்குகிறதா என்று பார்த்துக்கொள்ள முதன்முறையாக அடுக்களை நிலையில் நின்று டிவி பார்த்தார். ஏதோ ஒரு படம். பஸ் நிறுத்தத்தில் அப்பா மகளை வழியனுப்புகிறார். அப்பாவின் வாய் அசைகிறது, மகள் அழுகிறாள், அழகுராஜாவின் காதில் பஸ் உறுமலும் மழையும் மட்டும் விழுகின்றன. வயரில் கோளாறு என்று நினைத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அப்பா சொல்வது தெளிவாகக் கேட்டது. எழுந்து நிலைக்கு வந்தார். கேட்கவில்லை. இப்படி நான்கு முறை போய் வந்தாராம். பால் பொங்கி அடுப்பு அணைந்தது. அப்போதுதான் நிலையில் நாகஜோதியின் தோள் பட்டுப் பட்டுப் படிந்திருந்த கறை அவர் கண்ணில் பட்டிருக்கிறது.

எனக்குக் கோபம் வந்தது. சத்தத்தை விற்றுச் சாப்பிடுகிற மனிதருக்கு, பத்தடி தள்ளி நிற்கும் மனைவிக்கு எதுவும் கேட்கவில்லை என்று தெரிய ஒரு செம்புப் பால் வீணாக வேண்டியிருந்தது. கூடவே ஹாலில் இன்னொருவர் ரிமோட்டை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததால், கோபத்தை யார் மேல் காட்டுவது என்று எனக்கே குழப்பமாக இருந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அழகுராஜா வருத்தப்பட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடவில்லை.

அதே மாதிரி, பிரிட்ஜ் பிளக்கை நம்பி அடுக்களை நிலைக்கு மேலே தானே பெட்டி மாட்டிய வீடுகளை யோசித்து யோசித்து எழுதி வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் மொபெட்டில் மஞ்சள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். பெட்டியைக் கழற்றி நாற்காலிகளுக்குப் பக்கவாட்டில் மாற்றுவதும், பழைய ஓட்டைகளை வெள்ளை சிமிண்ட் வைத்து அடைப்பதும்தான் வேலை. பல வீடுகளில் ஆண்கள் விடுவதில்லை. நல்லாத்தானே இருக்கிறது, எதற்கு நோண்டுகிறாய் என்பார்கள். பெண்கள் ஒன்றும் சொல்வதில்லை.

நரிக்குடிப் பக்கம் விவசாயம் பார்க்கிற ஒரு சம்சாரி வீட்டில், மருமகள் எங்கே நின்று பார்க்கும் என்று இவர் கேட்டதற்குப் பெரியவர் கையை ஓங்கிக்கொண்டு எழுந்துவிட்டாராம். என் வீட்டுப் பொம்பளை நிற்கிற இடத்தைக் கேட்க நீ யார் என்று. இவர் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். அப்போது அடுக்களைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்திருக்கிறது. "அண்ணே, இங்கன பேச்சு கேக்குற மாதிரி வைக்க முடியுமா?" பெரியவர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அழகுராஜா பெட்டியை மாற்றிவிட்டு வந்தார். இதை நான் வெற்றிக்கதையாக எடுத்துக்கொண்டு சந்தோஷப்பட்டேன். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"அந்தப் பிள்ள கேட்டுச்சு டீச்சர். எங்க வீட்டுல இவளும் கேட்டவதான். நான்தான் அமத்திட்டேன்."

சொந்த வீட்டில் அவர் மூன்று முறை சவுண்ட்பாரில் கைவைத்துவிட்டார். பின்பெட்டிகளை முதலில் கழற்றினார். பிறகு பேச்சை மட்டும் தூக்கிக் கொடுக்கிற ஒன்று. பிறகு அதைவிட நல்லதாக இன்னொன்று. சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில் அதேபோல இன்னொரு நாற்காலியும் வாங்கிப் போட்டார். எதைப் போட்டால் நாகஜோதி வந்து உட்காருவார் என்பதுதான் அவருக்கு இப்போது ஒரே கேள்வி. மற்றவர்களுக்கு ஐந்து நிமிடத்தில் சவுண்ட்பார் தேர்ந்து கொடுக்கிறவர், இந்த ஒரு ஆளுக்கு ஒரு வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறார்.

அன்று என் வீட்டில் அளவு டேப்பை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த ஞாயிறு அருப்புக்கோட்டை போகிற வேலை இருந்தது. டேப்பைக் கொடுத்துவிட்டு வரலாம் என்று சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் வெளியூரிலிருந்து இன்னும் திரும்பவில்லை. நாகஜோதி என்னை ஹாலில் உட்காரச் சொன்னார். டிவிக்கு எதிரே இரண்டு நாற்காலிகள் இருந்தன. ஒன்றின் கைப்பிடியில் துணி நைந்திருந்தது. மற்றதன் மேல் மடித்த துணிகள் அடுக்கியிருந்தன. நான் அடுக்களைக்குள்ளேயே போய்விட்டேன்.

கட்டையான உருவம், விறுவிறுப்பான கை. சீனியவரைக்காயை நறுக்கிக்கொண்டிருந்தார். உப்பு ஜாடியில் சாய்த்து வைத்த செல்போனில் நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. மகள் சத்யபிரியா மதுரையிலிருந்து வாங்கி அனுப்பிய போன் என்றார். உங்கள் வீட்டுக்காரர் சொன்னார் என்று நான் மெதுவாக ஆரம்பித்ததும் சிரித்துவிட்டார். திருச்சுழி வரைக்கும் சொல்லிவிட்டாரா என்று கேட்டார்.

ஒரு நாள் அந்தப் புது நாற்காலியில் போய் உட்கார்ந்து பார்த்தாராம். பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடமும் அழகுராஜா டிவியைப் பார்க்கவில்லை. இவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, "கேக்குதா? இப்பக் கேக்குதா?" என்று ஏழெட்டுத் தடவை கேட்டிருக்கிறார். அடுப்பில் எதுவும் இல்லாமலேயே, குழம்பு அடிப்பிடிக்கிறது என்று சொல்லிவிட்டு இவர் எழுந்து வந்துவிட்டார்.

"கோவமெல்லாம் இல்ல டீச்சர். அவுக நல்ல மனுசந்தான். கேக்காமலே நின்னு நின்னு, அந்த டிவிப் பெட்டி மேல இருந்த ஆசையே விட்டுப்போச்சு. இதுல நானே ஓட்டுறேன், நானே நிறுத்துறேன். என்ன சொன்னான்னு ஆருகிட்டயும் கேக்க வேண்டியதில்ல." நறுக்கிய காயைச் சட்டியில் போட்டுவிட்டு, "இனிமே அங்க போயி உக்காந்தா எனக்கு விருந்தாளி வீட்டுல இருக்க மாதிரி இருக்கு" என்றார்.

இவர் சொல்வதில் ஒரு எழுத்தையும் மறுக்க எனக்கு வழியில்லை. அழகுராஜாவை நினைத்தால் பாவமாகவும் இருந்தது. பேச்சை மாற்றுவதற்காக, பொங்கலுக்கு வெள்ளையடித்தீர்களா, வீடு பளிச்சென்று இருக்கிறதே என்றேன். நாகஜோதி கத்தியால் நிலையைக் காட்டினார். வீடு முழுக்கப் பெயின்ட் அடித்திருந்தது. நிலைக்கு மேலே, பெட்டிகள் இருந்த இடத்தில் வெள்ளை சிமிண்ட் அடைத்த புள்ளிகளுக்கும் அடித்திருந்தது. இடப்பக்கக் கட்டையில் மட்டும், நாகஜோதியின் தோள் உயரத்தில், அந்தக் கறை அப்படியே இருந்தது. சோப்பு போட்டுத் தேய்த்தால் போய்விடும், வீட்டுக்காரர்தான் தொட விடமாட்டேன் என்கிறார் என்று அலுத்துக்கொண்டார்.

அப்போது மொபெட் சத்தம் கேட்டது. அழகுராஜா உள்ளே வந்தார். கைகளில் வெள்ளை சிமிண்ட் காய்ந்து ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்து, "வாங்க டீச்சர்" என்றார். டேப்பைக் கொடுத்தேன். கை கழுவிவிட்டு, பழக்க தோஷத்தில் ரிமோட்டை எடுத்து டிவியைப் போட்டார். ஹால் நிறையச் செய்தி வாசிக்கும் குரல் எழுந்தது. ஒவ்வொரு வார்த்தையும் அத்தனை துல்லியம். என் வீட்டில் இருப்பதைவிட நல்ல சாமான்தான். அடுக்களைக்குள் நாகஜோதி போனை எடுத்துக் காதோரமாக வைத்துக்கொண்டார்.

அழகுராஜா அதைப் பார்த்தார். உடனே டிவியின் சத்தத்தை முழுவதுமாக அடக்கினார். செய்திக்கார அம்மாள் திரையில் சத்தமில்லாமல் வாசித்துக்கொண்டிருந்தார். நாகஜோதி போனை மறுபடியும் உப்பு ஜாடியில் சாய்த்தார். நாடகத்தில் யாரோ யாரையோ மன்னிக்க மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். போனின் முகம் அடுப்பைப் பார்த்து இருந்தது. அடுக்களை வாசலிலிருந்து பார்த்தால் அதன் முதுகுதான் தெரியும்.

நான் கிளம்பினேன். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தபோது, அழகுராஜா நாற்காலிக்குப் போகவில்லை. அடுக்களை நிலைக்கு வந்திருந்தார். அவர் உயரத்துக்கு அந்தக் கறை முழங்கைக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. முழங்காலை மெல்ல மடக்கி, அந்த நெடிய உடம்பைக் கீழே இறக்கி, தோளைக் கறையில் பொருத்திக்கொண்டு நின்றார்.